அகலத்துக்கு முன்னால் வரிசை: மீனம்பாக்கம் வழிச் சாலையைச் சீர்படுத்துவது எப்படி?

வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரத்தில் சந்தை. பழைய டிரங்க் ரோடு நெடுகச் செடிகள், மரச்சாமான்கள், துணிமணி, கோழிக்குஞ்சு, மீன்தொட்டி என்று கடை பரப்பியிருப்பார்கள். ரோஜாத் தொட்டி ஒன்றை வாங்கி இடுப்பில் அணைத்தபடி ஒரு பெண் ஜி.எஸ்.டி. எனப்படும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையைக் கடக்க நிற்கிறார். அரை நிமிடத்துக்குள் அவர் முன்னால் நான்கு விதமான வண்டிகள் ஓடி மறைகின்றன. காய்கறி ஏற்றி வந்த சிறு லாரி, குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கு நோயாளியோடு போகும் ஆட்டோ, அலுவலகம் கிளம்பிய ஸ்கூட்டர்கள், கூரையில் பெட்டிகள் கட்டி விமான நிலையத்துக்கு விரையும் வாடகைக் கார். அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து இத்தனை பேருக்கும் இருப்பது இந்த ஒரே சாலை.

சென்னையின் கத்திப்பாராவில் தொடங்கி மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வழியாகப் பெருங்களத்தூர் வரை சுமார் 17 கிலோமீட்டர். இந்தச் சாலையை எப்படிச் சீர்படுத்துவது என்ற கேள்விக்கு இதுவரை வந்த விடைகளில் பெரும்பாலானவை ‘இன்னும் கொஞ்சம் அகலம், இன்னொரு மேம்பாலம்’ என்பதாகவே இருந்தன. இந்தச் சாலைக்கு அகலத்தைவிட வேலைகளின் வரிசைதான் முக்கியம் என்பது என் கருத்து. எதை முதலில் செய்கிறோம், எதைக் கடைசிக்குத் தள்ளுகிறோம் என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன.

இடம் போட்ட முடிச்சு

விமான நிலையத்தையொட்டிய பகுதியின் நில அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். சாலைக்கு மேற்கே ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட விமான நிலையம். கிழக்கே ரயில் பாதை. இடையிடையே ராணுவத்துக்கும் கண்டோன்மென்ட் வாரியத்துக்கும் உரிய நிலம். பரங்கிமலையும் திரிசூலம், பல்லாவரம் குன்றுகளும் அருகிலேயே எழுந்து நிற்கின்றன. வேறு நகரச் சாலை என்றால் நெரிசலுக்குப் பயந்து பக்கத்துத் தெருவில் புகுந்து போகலாம். இங்கே புகுந்து போகப் பக்கத்துத் தெரு இல்லை. விமான நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் மக்கள் கிண்டி பக்கம் போவதென்றால் பலரும் பல்லாவரம் வந்துதான் ஜி.எஸ்.டி.யில் ஏறுகிறார்கள்.

அகலப்படுத்த நிலம் கேட்டால் ஒரு பக்கம் ரயில்வே, ஒரு பக்கம் விமான நிலைய ஆணையம், இன்னொரு பக்கம் பாதுகாப்புத் துறை. மேலே உயரலாம் என்றால் அதற்கும் எல்லை உண்டு. தரையிறங்கும் விமானங்கள் தாழ்ந்து வரும் வான்வழி இந்தச் சாலையைக் கடக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றி எழும்பும் எந்தக் கட்டுமானமும் 2015-ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு அடங்கித்தான் ஆக வேண்டும். கீழே போகலாம் என்றால் மழைநீர். குன்றுகளிலிருந்து வழியும் நீருக்கு வழி விட்டாக வேண்டும். பக்கம், மேல், கீழ் என்று மூன்று திசையிலும் இறுகிய இடம் இது.

ஒரே தாரில் மூன்று பயணங்கள்

இந்தச் சாலையில் மூன்று வகைப் பயணங்கள் கலந்து ஓடுகின்றன. முதலாவது தொலைதூரப் பயணம். சென்னையையும் தென்மாவட்டங்களையும் இணைக்கும் பிரதான வழி இது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரவுகளில் பெருங்களத்தூரில் வண்டிகள் நகராமல் நிற்பதை ஊருக்குப் போன ஒவ்வொருவரும் அனுபவித்திருப்பார்கள். இரண்டாவது விமான நிலையப் பயணம். பயணிகளோடு வழியனுப்ப வருபவர்கள், ஊழியர்கள், சரக்கு வண்டிகள் எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது உள்ளூர்ப் பயணம். பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகிற, பெரும்பாலும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிற பயணம்.

மூன்றுக்கும் தேவை வேறு வேறு. தொலைதூர வண்டிக்கு நிற்காத ஓட்டம் வேண்டும். விமானப் பயணிக்கு வேகத்தைவிட நேர உறுதி முக்கியம்; 40 நிமிடம் ஆகும் என்று நம்பிக் கிளம்பினால் 40 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். உள்ளூர்க்காரருக்கு நிற்கவும் திரும்பவும் கடக்கவும் இடம் வேண்டும். ஒருவருக்குச் செய்யும் வசதி இன்னொருவருக்கு இடைஞ்சலாகிறது. நடுத்தடுப்பில் ஓர் இடைவெளியை அடைத்தால் தொலைதூர வண்டி வேகமெடுக்கும்; எதிர்ப்புறம் போக வேண்டிய உள்ளூர்க்காரர் அடுத்த யு-டர்ன் வரை போய்த் திரும்பி, அந்தத் திருப்பத்தில் புதிய நெரிசலை உண்டாக்குவார். இந்தச் சிக்கலைத் திட்ட அறிக்கைகள் ‘வாகனங்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிட்டால் தவறான விடைதான் வரும்.

இதுவரை கட்டியவை சொல்லும் பாடம்

கடந்த இருபது ஆண்டுகளில் இந்த வழியில் செலவு குறைவாக நடக்கவில்லை. கத்திப்பாராவில் நான்கு இதழ்ப் பூப்போன்ற மேம்பாலம் 2008-இல் திறக்கப்பட்டது. 2016 செப்டம்பரில் மெட்ரோ ரயில் விமான நிலையத்தை எட்டியது. 2020-இல் பல்லாவரம், வண்டலூர் மேம்பாலங்கள் வந்தன. 2023 ஏப்ரலில் விமான நிலையத்தின் புதிய ஒருங்கிணைந்த முனையம் திறக்கப்பட்டு, ஆண்டுக்கு 2.3 கோடிப் பயணிகள் என்றிருந்த கொள்திறன் 3 கோடியாக உயர்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது.

ஒவ்வொன்றும் தன்னளவில் தேவையானதே. கத்திப்பாரா மேம்பாலம் இல்லாத கிண்டியை இன்று யாரும் கற்பனை செய்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இவை வந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். மேம்பாலம் ஒரு சந்திப்பில் தேங்கிய வண்டிகளை விடுவிக்கும். விடுபட்ட வண்டிகள் அடுத்த சந்திப்பில் போய்த் தேங்கும். பல்லாவரம் மேம்பாலம் ஒரு திசைக்கு மட்டுமானது. மேலே ஏறியவர்களுக்குச் சில நிமிடங்கள் மிச்சம். கீழே சந்தைச் சாலைக்கும் குன்றத்தூர் சாலைக்கும் திரும்புகிறவர்களின் சிக்கல் கீழேயே இருக்கிறது.

கிளாம்பாக்கம் இன்னும் தெளிவான பாடம். தென்மாவட்டப் பேருந்துகளைக் கோயம்பேட்டிலிருந்து நகரின் தெற்கு எல்லைக்கு மாற்றியது நியாயமான திட்டம்; நூற்றுக்கணக்கான பெரிய பேருந்துகள் மாநகருக்குள் நுழைவதை அது தவிர்க்கிறது. ஆனால் முனையம் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை, மெட்ரோவும் இல்லை. பேருந்தை விட்டு இறங்கிய பயணி மாநகரப் பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ வாடகைக் காருக்கோ மாற வேண்டியிருந்தது. ஐம்பது பேர் ஒரு பேருந்தில் கடந்த சாலையை அவர்களில் பலர் தனித்தனி வண்டியில் கடந்தார்கள். இணைப்பை முதலில் கட்டி முனையத்தைப் பிறகு திறந்திருந்தால் இந்தச் சுமையில் பெரும்பகுதி சாலைக்கு வந்தே இருக்காது.

மற்ற ஊர்கள் கண்ட அனுபவம்

இந்தியாவின் பெரிய விமான நிலையங்கள் பலவும் ஒரு தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே நம் சிக்கல் புதிதல்ல.

தில்லியில் விமான நிலையத்தை ஒட்டிச் செல்லும் குருகிராம் விரைவுச்சாலை 2008 ஜனவரியில் திறக்கப்பட்டது. சுமார் 28 கிலோமீட்டருக்குச் சிக்னலே இல்லாத சாலை என்பதுதான் அதன் பெருமை. ஆனால் சுற்றிலும் குடியிருப்பும் அலுவலகமும் பெருகப் பெருக, சில ஆண்டுகளிலேயே அது நெரிசலுக்குப் பேர்போன சாலையாகிவிட்டது. சிர்ஹோல் சுங்கச்சாவடியில் வண்டிகள் தேங்கித் தேங்கி, கடைசியில் 2014-இல் அந்தச் சாவடியையே எடுக்க வேண்டியதாயிற்று. தார் போட்டால் வண்டி வரும். வண்டி வந்தால் தார் போதாது. போக்குவரத்துப் பொறியாளர்கள் உலகெங்கும் கண்ட உண்மை இது. அங்கே நிலைத்த பலன் தந்தவற்றுள் 2011-இல் வந்த விமான நிலைய விரைவு மெட்ரோ ஒன்று.

பெங்களூருவில் 2008-இல் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்தார்கள். ஹெப்பாளிலிருந்து உயர்மட்டச் சாலை பிறகு வந்தது. சாலை வேகமானது, ஆனால் அந்த வேகமெல்லாம் ஹெப்பாள் மேம்பாலத்தின் குறுகிய வாயில் வந்து நின்றது. விமான நிலையம் திறந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகும் மெட்ரோ அங்கே போய்ச் சேரவில்லை.

மும்பையில் வேறு வழி எடுத்தார்கள். 2014-இல் புதிய இரண்டாம் முனையத்தோடு சேர்த்தே, மேற்கு விரைவு நெடுஞ்சாலையிலிருந்து முனையத்தின் வாசலுக்குச் சுமார் 2 கிலோமீட்டர் தனி உயர்மட்டச் சாலை திறக்கப்பட்டது. விமான நிலையப் பயணம் உள்ளூர்த் தெருக்களிலிருந்து பிரிந்தது. முனையமும் வழியும் ஒரே நேரத்தில் வந்தது இதில் கவனிக்கத்தக்கது.

நாக்பூரில் விமான நிலையத்தை ஒட்டிய வர்தா சாலையில் சுமார் 3 கிலோமீட்டருக்கு ஒரே தூண்வரிசை மீது கீழடுக்கில் நெடுஞ்சாலை மேம்பாலம், மேலடுக்கில் மெட்ரோ, தரையில் பழைய சாலை என்று அமைத்தார்கள். நிலம் கிடைக்காத இடத்தில் இருமுறை தோண்டாமல் ஒருமுறையிலேயே முடித்த முன்மாதிரி அது. ஆனால் நம் மீனம்பாக்கத்தில் உயரக் கட்டுப்பாடு இருப்பதால் அதை அப்படியே பெயர்த்துவந்து நட முடியாது. பல்லாவரத்துக்குத் தெற்கே, விதிகள் இடம் கொடுக்கும் பகுதியில் அதை ஆராயலாம்.

வண்டியை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா?

நகரச் சாலைகளின் திறன் பற்றி இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட வழிகாட்டி இன்றும் அடிப்படை நூல். அதன்படி ஆறு வழிப் பெருஞ்சாலை மணிக்கு 5,400 கார் அளவையும், எட்டு வழிச் சாலை 7,200 கார் அளவையும் இரு திசையிலும் சேர்த்துத் தாங்கும். அதாவது ஒரு வழி கூடினால் மணிக்கு 900 கார். காருக்கு இரண்டு பேர் என்று தாராளமாக வைத்தாலும் 1,800 பேர்.

அதே ஒரு வழியைப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கினால் என்ன ஆகும்? ஒரு பேருந்தை மூன்று காருக்குச் சமம் என்று கொள்வோம். மணிக்கு 300 பேருந்து, 50 பேர் வீதம் 15,000 பேர். நிறுத்தத்தில் நிற்கும் நேரம், சிக்னலில் காத்திருக்கும் நேரம் எல்லாம் கழித்துப் பாதியாக்கினாலும் 7,500 பேர். நான்கு பெட்டி மெட்ரோ ரயில் ஒன்றில் 1,200 பேருக்கு மேல் ஏறலாம். ஒரு முழு கார் வழி ஒரு மணி நேரத்தில் கடத்துவதை இரண்டு ரயில்கள் கடத்திவிடும்.

இந்தக் கணக்கு காருக்கு எதிரானது இல்லை. முதியவரையும் நோயாளியையும் ஐந்து பெட்டிகளோடு வரும் குடும்பத்தையும் கார்தான் அழைத்துவர முடியும். காரை விட்டால் வழியில்லாதவர்களுக்காகச் சாலையில் இடம் மிச்சமாக வேண்டும் என்றால், மாறக்கூடியவர்கள் மாறுவதற்கு வழி செய்ய வேண்டும்.

இங்கே நேரக் கணக்கும் சேரவேண்டும். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிற விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியலுக்கு முன்னும் கிளம்புகின்றன. மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்று காலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது. இரவில் ரயில் இல்லாதவர் காரில்தான் வருவார். இரவுப் பணி முடிந்து திரும்பும் விமான நிலையத் துப்புரவுப் பணியாளருக்குக் கார் இல்லை. அவர் விடியும்வரை காத்திருக்கிறார். இரவு முழுவதும் அரை மணிக்கொரு பேருந்தைக் கிளாம்பாக்கத்துக்கும் சென்ட்ரலுக்கும் கோயம்பேட்டுக்கும் விட, ஒரு தூண்கூட எழுப்ப வேண்டியதில்லை.

மெட்ரோ நீட்டிப்பும் மழைநீரும்

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15.5 கிலோமீட்டர், 13 நிலையங்கள், 9,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பீடு என்று மெட்ரோ நீட்டிப்புக்கான திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. இந்த வழித்தடத்தில் தொலைநோக்கில் மிகப் பெரிய பலன் தரக்கூடியது இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இணையாக மின்சார ரயில் ஓடுகிற இடத்தில் மெட்ரோ வருகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போடாமல் துணை நிற்க வேண்டுமானால், பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு நனையாமல், சாலையில் இறங்காமல் நடந்துபோக முடிய வேண்டும். ஒரே பயணச்சீட்டு போதும் என்ற நிலையும் வேண்டும்.

கட்டுமானக் காலத்தை யாரும் விரும்பிப் பேசுவதில்லை. ஆற்காடு சாலையிலும் பூந்தமல்லி சாலையிலும் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்தபோது மக்கள் ஆண்டுக்கணக்கில் பட்ட பாட்டை நகரம் அறியும். அங்கே புகுந்து செல்லச் சில தெருக்களாவது இருந்தன. மீனம்பாக்கத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையே அந்த வசதி கிடையாது. நடுவில் தடுப்பு வைக்கும் முன் மாற்றுப் பேருந்துத் தடமும் சர்வீஸ் ரோடும் வெளிவட்டச் சாலைக்கு லாரிகளைத் திருப்பும் ஏற்பாடும் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும்.

தண்ணீரை மறந்தால் மற்றவை எல்லாம் வீண். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி விமான நிலையமே பல நாட்கள் மூடப்பட்டது. அதன் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலத்தின் மீது போகிறது. பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. சாலை போடும்போது நீர் போகும் வழியை அடைத்துவிட்டு, பிறகு தேங்கிய நீரை மோட்டார் வைத்து இறைப்பது இந்தப் பகுதியில் பழகிப்போன வேலை. புதிய ஒவ்வொரு சாலை வடிவத்தோடும் அதன் மழைநீர் வரைபடத்தையும் சேர்த்தே அனுமதிக்க வேண்டும்.

யார் பொறுப்பு?

இந்த 17 கிலோமீட்டரில் கை வைக்க உரிமையுள்ள அமைப்புகளை எண்ணிப் பார்த்தால் விரல்கள் போதவில்லை: இந்திய விமான நிலைய ஆணையம், தெற்கு ரயில்வே, மெட்ரோ நிறுவனம், மாநில நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், பாதுகாப்புத் துறை, கண்டோன்மென்ட் வாரியம், சென்னை மாநகராட்சி, 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, மாநகரப் போக்குவரத்துக் கழகம், காவல்துறை. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நல்ல வேலை செய்திருக்கலாம். ஒன்றின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் நடைபாதை அறுந்துபோகிறது, விளக்கு எரியாமல் நிற்கிறது, பேருந்து நிறுத்தம் நிலையத்திலிருந்து தள்ளிப் போகிறது.

இதற்கென்றே ‘கும்டா’ எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. அது செயல்வடிவம் பெறவே பல ஆண்டுகள் ஆயின. இந்த வழித்தடத்தை அந்தக் குழுமம் தன் முதல் முழுப் பொறுப்பாக ஏற்க வேண்டும். ஒரே வரைபடம், ஒரே கால அட்டவணை, பதில் சொல்ல ஒரே அதிகாரி என்று மூன்றும் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

நான் முன்வைக்கும் வரிசை

முதலில் கணக்கெடுப்பு. எத்தனை வண்டி என்பதோடு நிற்காமல், எங்கிருந்து எங்கே, எந்த நேரத்தில், எத்தனை பேர் என்று 24 மணி நேரமும் எடுக்க வேண்டும். சாலையைக் கடக்கிறவர்களையும் அதில் எண்ண வேண்டும். எண்ணப்படாதவருக்கு எந்தத் திட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை.

இரண்டாவது, கடக்கும் வழிகள். ஒவ்வொரு ரயில், மெட்ரோ நிலையத்திலும் லிஃப்டும் நகரும் படிக்கட்டும் நாள் முழுவதும் இயங்கும் நடைமேம்பாலம் அல்லது நல்ல வெளிச்சமுள்ள சுரங்கப்பாதை. இதில் முதலிடம் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலத்துக்கு.

மூன்றாவது, சந்திப்புகளும் நுழைவாயில்களும். விமான நிலையம் சாலைக்கு மேற்கே இருப்பதால் நகரிலிருந்து வருகிறவர் எதிர்த்திசைச் சாலையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். உள்ளிருந்து தாம்பரம் போகிறவரும் அப்படியே. ஏறும் வழி, இறங்கும் வழி, பேருந்து நிறுத்தம் மூன்றும் நெருங்கி இருக்கும் இடங்களில் வண்டிகள் ஒன்றையொன்று ஊடறுப்பதுதான் நெரிசலின் வேர். அவற்றைத் தள்ளித் தள்ளி அமைக்க வேண்டும்.

நான்காவது, பேருந்துத் தடமும் இரவுச் சேவையும். ஐந்தாவது, மெட்ரோ. இவையெல்லாம் முடிந்து மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்த பிறகும் தேவை மிஞ்சினால், கடைசியாகக் கூடுதல் வழிகளும் உயர்மட்டச் சாலையும்.

பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் வந்தால் இந்தச் சுமை குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். அங்குள்ள ஏகனாபுரம் மக்களின் எதிர்ப்போடு சேர்த்து அந்தத் திட்டம் தனியே விவாதிக்கப்பட வேண்டியது. ஆனால் மீனம்பாக்கம் மூடப்படப் போவதில்லை, பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் குடியிருப்பவர்கள் இடம் மாறப் போவதும் இல்லை. இந்தச் சாலையின் வேலை காத்திருக்காது.

திரிசூலம் ரயில் நிலையத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கினால் எதிரே விமான நிலையம் கண்ணுக்குத் தெரியும். பத்து ரூபாய்க்குள் ரயிலில் வந்து இறங்கி, முதன்முறையாக வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் மகனோடு ஒரு தாய் நடைமேடையில் பெட்டியை வைத்துவிட்டு எதிர்ப்புறம் பார்க்கிறார். நடுவில் ஜி.எஸ்.டி. சாலை. ‘எப்படிப் போறது?’ என்று யாரிடமாவது கேட்கிறார். அவர் கேட்காமலேயே, பெட்டியைத் தூக்காமலேயே எதிர்ப்புறம் போய்ச் சேரும் வழியை நாம் முதலில் அமைத்தால், ஒரு காராவது அன்று அந்தச் சாலைக்கு வராது. திட்டமிடலை அங்கிருந்து தொடங்குவோம்.